பாலத்தடியில் ஒரு ஃபேன் சுவிச்

காரின் ஃபேனுக்குக் கைச் சுவிச் போடுவது எப்படி என்று கேட்டு, தலைமன்னார் வீதியில் புதிதாகக் கராஜ் திறந்திருக்கும் இருவர் போன கிழமை எனக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் கீறி அனுப்பினேன். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்தத் தாளில் கீற முடியாத ஒன்றும் இருக்கிறது. நேரில் போய்ச் சொல்லலாம் என்றால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தலின் கடைசிக் கதிரையில் இருந்துவிட்டு எழும்பி வருகிறவன் நான். எழுதினால் என் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்தில் வரும் பிழைகளை என் மகள் திருத்தித் தருவாள்.

நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு வயது காரணமில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து விரல் நுனிகள் மரத்துப் போயின. வயரை விரலால் உணராதவன் அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் கராஜின் சட்டம். அதனால் நானே விலகிக்கொண்டேன்.

தொழிலை மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது படித்தேன். முகாமுக்கு வெளியே ஒரு கடையில் லொறிகளுக்கு லைட் கொழுவுவதுதான் முதல் வேலை. போர் முடிந்து மன்னாருக்குத் திரும்பியதும் ஹமீது நானாவின் கராஜில் சேர்ந்தேன். முஸ்லிம் மூத்தவர்களை இங்கே நானா என்போம். அவரும் போரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். இரண்டு பேரும் திரும்பி வந்தவர்கள் என்பதாலோ என்னவோ, அவர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சூடு பட்டிருக்கு. நல்லது. இனிப் பயந்து வேலை செய்வாய்” என்றார். அவ்வளவுதான்.

எங்கள் தீவில் காற்றே உப்பு. ரேடியேற்றரின் அடியில் ஒரு சூட்டுச் சுவிச் இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது தானாகத் தொடுத்து ஃபேனை ஓடவைக்கும். மற்ற ஊர்களில் பத்து வருடம் இருக்கும் அந்தச் சுவிச், இங்கே இரண்டு வருடத்தில் பச்சைக் களிம்பு பிடித்துச் செத்துப்போகும். ஃபேன் ஓடாது. கட்டுக்கரைப் பக்கம் வெயிலுக்குள் போகும்போது என்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, கார் வீதியோரம் நிற்கும். ஆகவேதான் இங்கே ஹயர் ஓடும் கார்க்காரர்கள் எல்லாரும் கைச் சுவிச் ஒன்றைக் கேட்டு வருவார்கள்.

நானா அந்தச் சிறிய வேலையைச் செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றி, அதன் தலைக்கு ஒரு பழைய காலுறையை மாட்டுவார். வயர் தவறி விழுந்தாலும் தொடுக்காது. பிறகு சூட்டுச் சுவிச்சிலிருந்து, ஃபேனை ஓடவிடும் றிலேக்குப் போகும் வயரைத் தேடிப் பிடிப்பார். அதை வெட்டமாட்டார். தோலை மட்டும் சீவி, பக்கத்தில் இன்னொரு வயரைச் சேர்த்து முறுக்கி ஈயம் வைத்து, அந்த வயரை உள்ளே சுவிச்சுக்குக் கொண்டுபோவார். சுவிச்சின் மற்றக் காலிலிருந்து இன்னொரு வயர் காரின் உடம்புக்குப் போகும். இரண்டும் கறுப்பு. இரண்டிலும் பச்சை ஒட்டு ரேப் ஒரு சுற்று. அது எங்கள் கராஜின் அடையாளம்.

“தானா ஓடுறதை நிப்பாட்டாத. கைச் சுவிச் அதுக்குத் துணை, அதுக்குப் பதில் இல்ல. மனிசன் மறப்பான்” என்பார்.

சுவிச்சுக்குப் போகும் வயரில் பற்றரியின் நெருப்பு நேரே போகக்கூடாது என்பதும் அவர் சட்டம். அந்த வயர் எங்காவது உரசித் தோல் போனாலும் ஃபேன்தான் ஓடும், கார் எரியாது. எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்.

கடைசியில் சுவிச். அது ஓட்டுகிறவனின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். பக்கத்தில் என்ன சுவிச் என்று எழுதியிருக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது எரியும் ஒரு சின்னச் சிவப்பு லைட்டும் இருக்க வேண்டும். “சுவிச்சைப் போட்டவன் வீட்ட போயிடுவான். ஓட்டுறவன்தான் அதோட கிடக்கோணும். அவனுக்கு அது பேசோணும்” என்பார். நாங்கள் செய்து முடித்த எந்தக் காரையும் வெளியே விடுமுன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “லைட் போட்டியா?”

நானாவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கோபம் வந்தால் மனிதருடன் பேசமாட்டார். காருடன் பேசுவார். பொனற்றைத் தட்டி, “பாரடி மகள், உன்ர பியூஸ் கட்டைக்க வெள்ளிக் கடதாசி வச்சிருக்கிறான். நீ எரிஞ்சு சாம்பலாப் போகோணுமாம்” என்பார். பக்கத்தில் நிற்கும் கார்க்காரருக்கு முகம் கறுத்துவிடும். ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சுடாது.

வங்காலை பெனடிற் அண்ணன் ஹயர் கார் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் வந்தார்.

“சூசை, ஒரு கைச் சுவிச் போட்டுத் தாடா. ரெண்டு மணிக்கு ஒரு குடும்பத்த ஏத்தோணும்.”

“இருங்கோ அண்ணன், செய்யிறன்.”

“மேல போடாத. டாஷ்போர்டில ஓட்டை போட்டா விக்கேக்க ஆரும் நல்ல விலை சொல்லமாட்டாங்கள். ஏறுற சனமும் கண்டதையும் தட்டும். கீழ, ஸ்டியரிங்குக்கு அடியில, ஒருத்தருக்கும் தெரியாம வை. லைட்டும் வேண்டாம், கீட்டும் வேண்டாம்.”

அது சரிவராது என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. அவர் என்னைவிட மூத்தவர், ஊரறிந்த மனிதர், சத்தமாகக் கதைப்பவர். நான் “சரி” என்றேன். வயரெல்லாம் சட்டப்படிதான் கொழுவினேன். சுவிச்சை மட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே, உள்மூடிக்குப் பின்னால், கையைப் பின்னுக்கு விட்டுத் தேடினால் அகப்படும் இடத்தில் வைத்தேன். பேரும் இல்லை, லைட்டும் இல்லை.

தொழுதுவிட்டு வந்த நானா தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தபடி கேட்டார்: “லைட் போட்டியா?”

போட்டேன் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒரு பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இது நடந்து சில மாதங்களில் நாட்டின் நிலைமை மாறியது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம் அது. எடுத்துவிட்ட சோதனைச் சாவடிகள் திரும்பவும் வந்தன. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பேர்க்காரர் என்றானதும், நானாவின் கராஜுக்கு வந்துபோனவர்களில் பாதிப்பேர் வராமல் விட்டார்கள். வந்தவர்களும் காரை விட்டுவிட்டுச் சாவியை என்னிடம்தான் தந்தார்கள்.  நானா காலையில் கதவைத் திறந்ததும் வழக்கம்போல் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பார். பிறகு வந்து நிற்கும் கார்களைத் துடைப்பார். இல்லாத வேலையைச் செய்வார்.

ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும். ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு தமிழ்ப் பொலிஸ்காரரும் இரண்டு ஆமிக்காரரும் இறங்கினார்கள்.

“ஹமீது ஆர்?”

“நான்தான்” என்றார் நானா. கை முழுக்கக் கிறீஸ்.

“பாலத்தடியில ஒரு கார் நிக்குது. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒளிச்சு ஒரு சுவிச். புது வயர். ஓட்டினவனுக்கு அது என்னெண்டே தெரியாதாம். தன்ர அத்தான் ஹமீது நானாட கடையிலதான் வயர் வேலை செய்விக்கிறவர், வேற ஒண்டும் தெரியாது எண்டுறான். வாங்கோ.”

அது பெனடிற் அண்ணனின் கார். அன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேஷன். காரை ஓட்டியது அவர் மச்சான் றெஜி.

“காரின்ர சொந்தக்காரனைக் கேட்டீங்களா?” என்றார் நானா.

“போன் வேலை செய்யேல்லை. ஒப்பரேஷனுக்குள்ள இருக்கிறாராம். நீங்கள் முதல்ல ஏறுங்கோ.”

நானா சவர்க்காரத் தூளை எடுத்துக் கையைக் கழுவத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாகக் கழுவினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கழுவி முடிக்க மனமில்லாமல் கழுவுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒளித்து வைத்த சுவிச், ஒரு முஸ்லிம் மனிதரின் கராஜ். அந்த மாதங்களில் அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தேவைப்படாது.

என் வாயிலிருந்து சத்தம் வந்தபோது அது என் சத்தம்போலவே இருக்கவில்லை.

“ஐயா, அந்தச் சுவிச் நான் போட்டது. அவர் அண்டைக்குக் கடையில இல்லை.”

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். “அப்ப ரெண்டு பேரும் ஏறுங்கோ.”

ஜீப்பின் பின்னால் எதிரும் புதிருமாக இருந்தோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “நானா, லைட் போடேல்லை. பேரும் எழுதேல்லை. நீங்கள் கேக்க நான் தலையாட்டினது…”

நானா ஜீப்பின் கதவை மெதுவாகத் தட்டினார். “பாரு ஜீப்பே, முன்னுக்கு இருக்கிறவன் எனக்குத் தலையாட்டினவன். அண்டைக்கு ஆடின தலை இண்டைக்கு ஆரட தலையில வந்து விழுந்திருக்கு பாத்தியா?”

ஆமிக்காரருக்கு விளங்கவில்லை. பொலிஸ்காரர் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை மறைத்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தடிச் சாவடியில் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. சனங்களைத் தூரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் நான்கு கதவுகளும் திறந்தபடி பெனடிற் அண்ணனின் வெள்ளைக் கார் தனியாக நின்றது. மணல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் றெஜி நிலத்தில் இருந்தான். என்னைக் கண்டதும், “அண்ணே, சொல்லுங்கோ அண்ணே, நான் ஒண்டும் அறியேன்” என்று கத்தினான்.

சாவடியின் ஆமி அதிகாரி இளம் ஆள். தமிழ் கொஞ்சம் தெரியும். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நீதான் போட்டது? என்ன சுவிச்?”

“ரேடியேற்றர் ஃபேன் சுவிச் சேர்.”

“ஏன் ஒளிச்சு?”

 “கார்க்காரர் சொன்னார். நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை” என்றேன்.

ஒரு கடதாசி தந்து கீறிக் காட்டச் சொன்னார். கீறினேன். உள்ளே வரும் வயர் இரண்டு, இரண்டும் கறுப்பு, இரண்டிலும் பச்சை ரேப். அதிகாரி ஒரு ஆமிக்காரரை அனுப்பினார். அவர் நீளத் தடியில் கட்டிய கண்ணாடியோடு போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

அதிகாரி என் கடதாசியைப் பார்த்தார். “நீ ரெண்டு வயர் சொன்னாய். அங்க மூண்டு. ஒண்டு நீலம்.”

 நீல வயர் எங்கள் கராஜில் பாவிப்பதே இல்லை.

நானா என் பக்கம் திரும்பினார். வழக்கத்தை விட்டு, காருடனும் பேசாமல், ஜீப்புடனும் பேசாமல், என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“நீ போட்டது ரெண்டுதானா?”

“ரெண்டுதான் நானா.”

 கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒருமுறை தலையாட்டி ஏமாற்றியவனின் வார்த்தையை அவர் எடைபோடுகிறார் என்று தெரிந்தது. பிறகு அதிகாரியிடம் சொன்னார்: “சேர், இவன் ரெண்டெண்டா ரெண்டுதான். மூண்டாவது வேற ஆரோ போட்டது.”

அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. இன்னும் கெடுதல்தான். நானோ மூன்றும் நான்தான் போட்டேன், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியதும் உண்மை.

குண்டு அகற்றும் பிரிவுக்கு அறிவித்திருப்பதாகவும், வர மூன்று நான்கு மணித்தியாலம் ஆகலாம் என்றும், அதற்கிடையில் கராஜைச் சோதிக்க ஆள் போகும் என்றும், எங்கள் மூவரையும் விடமுடியாது என்றும் பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். நானா தலையைக் குனிந்தார். அவருடைய கராஜுக்குள் ஆட்கள் இறங்கித் தேடுவதைத் தெரு முழுக்கப் பார்க்கும். அதன்பிறகு அவர் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கத் தேவையிருக்காது.

“நான் போய்ப் பாக்கிறன் சேர்” என்றேன். “என்ர சுவிச்சிலதான் அந்த வயர் தொங்குது. அது எங்க போகுதெண்டு விரலால தடவிப் பாத்தால் தெரியும்.”

“பயமில்லையா?”

“பயம்தான் சேர்.”

அதிகாரி யாருடனோ வயர்லெஸ்ஸில் நீண்ட நேரம் பேசினார். பிறகு பாரமான ஒரு மேலங்கியைப் போட்டுவிட்டார்கள். “இழுக்க வேண்டாம். வெட்ட வேண்டாம். பாக்கிறது மட்டும்” என்றார்.

நானா கிட்ட வந்து தன் காற்சட்டைப் பைக்குள் இருந்து எதையோ எடுத்து என் கையில் திணித்தார். பற்றரிக்கு மாட்டும் பழைய காலுறை.

காருக்கு நடந்த தூரம் ஐம்பது மீற்றர் இருக்கும். பொனற்றைத் திறந்து பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றிக் காலுறையை மாட்டினேன். வேறெங்காவது இன்னொரு பற்றரி ஒளித்து வைத்திருந்தால் இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். ஆனாலும் நானாவின் முதல் படியைச் செய்ததும் அடுத்த படிக்குக் கை தானாகப் போனது.

கதவடியில் மல்லாந்து படுத்துத் தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டேன். என் சுவிச். என் இரண்டு கறுப்பு வயர். பச்சை ரேப் அப்படியே இருந்தது. சூட்டுச் சுவிச்சிலிருந்து வரும் வயரின் காலில் ஒரு நீல வயர் சுற்றியிருந்தது. ஈயம் வைக்கவில்லை, வெறும் முறுக்கு. தொழில் தெரியாத கை.

கண்ணை மூடிக்கொண்டேன். வலது கையின் இரண்டு விரலால் அந்த வயரைத் தொட்டும் தொடாமலும் பின்தொடர்ந்தேன். ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் போனது. ரேடியோவுக்குப் பின்னால் வளைந்தது. அங்கே ஓரிடத்தில் என் விரலில் ஏதோ மெழுகுபோல் ஒட்டியது. வெடிமருந்தும் மெழுகுபோல் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விரலை எடுத்து மணந்து பார்த்தேன். மெழுகுவர்த்தி மணம். வயர் மேலே போய் டாஷ்போர்டின் மூலையில் ஒரு சின்ன ஓட்டையால் வெளியே வந்தது.

நான் எழும்பி இருந்தேன். ஓட்டை போடாதே என்று சொன்ன மனிதர் தானே ஒரு ஓட்டை போட்டிருந்தார். அதற்கு மேல் பெனடிற் அண்ணனின் மாதா சுரூபம் நின்றது. ஒரு சாண் உயரம், நீல அங்கி. ஓட்டையைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டு அதில்தான் சுரூபத்தை நிறுத்தியிருந்தார்; அந்த மெழுகுதான் வயரோடு கீழே வழிந்திருந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பாதத்துக்கு அடியில் வெட்டி, ஒரு சின்னச் சிவப்பு பல்ப். அதன் ஒரு காலில் நீல வயர். மற்றக் கால் ரேடியோவின் வயருக்குப் போயிருந்தது.

கையால் போட்டாலும் தானாக ஓடினாலும், ஃபேன் ஓடினால் மாதாவின் காலடியில் லைட் எரியும். அவ்வளவுதான். நான் போடாமல் விட்ட லைட்.

“சேர்!” என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. “இது லைட் சேர்! மாதாவின்ர லைட்!”

அதிகாரி அங்கிருந்தே, போட்டுக் காட்டு என்று கையைக் காட்டினார்.

காலுறையைக் கழற்றிப் பற்றரியில் வயரை வைத்தபோது சின்னப் பொறி ஒன்று பறந்தது. ஒரு ஆமிக்காரர் மூட்டைக்குப் பின்னால் குனிந்ததைக் கண்டேன். எனக்கும் குனிய ஆசை. சாவியைத் திருப்பினேன். என் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், ஆனாலும் கை சுவிச்சுக்குப் போக மறுத்தது. மரியாயே என்று சொல்லிக்கொண்டு தட்டினேன்.

முன்னால் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. மாதாவின் காலடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். சுவிச்சைத் தானே இரண்டு தரம் போட்டு நிறுத்தினார். லைட் எரிந்தது, அணைந்தது. பிறகு என்னிடம் திரும்பினார். “இத மேல வை. பேர் எழுது. எல்லாருக்கும் தெரியிற மாதிரி.” அவர் முகத்திலும் வேர்வை இருந்தது.

நானா கிட்ட வந்து பொனற்றில் கையை வைத்தார். “பாரடி மகள். உன்ர சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சது, இத்தனை வருஷம் தொழில் செய்தவனுக்குத் தெரியேல்லை.”

றெஜி அப்போதுதான் சுரூபத்தை உற்றுப் பார்த்தான். “அண்ணே, இது நேத்திக்கு எரிஞ்சுகொண்டு வந்தது. நான் அத்தான் மாதாவுக்கு நேர்த்திக்கு லைட் போட்டிருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்!”

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெனடிற் அண்ணன் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

“ரெண்டு தரம் ஃபேனைப் போட்டிட்டு மறந்து போனன் சூசை. பற்றரி இறங்கிப் போச்சு. லைட் ஒண்டு இருந்தா நல்லம் எண்டு பிறகுதான் விளங்கிச்சு. திரும்ப உன்னட்ட வந்து கேக்க வெக்கமாப் போச்சு. வேண்டாமெண்டு சத்தம் போட்டவன் நானெல்லோ.”

பெரிய சத்தக்காரருக்கும் வெட்கம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றே காரை எடுத்து வந்து, சுவிச்சை மாதாவுக்குப் பக்கத்தில் மேலே வைத்தேன். நீல வயருக்கு ஈயம் வைத்தேன். லைட்டை மாற்றவில்லை. தமிழில் ‘ஃபேன்’ என்று எழுதினேன். சிங்களத்தில் எழுதத் தெரியாது. நான் கேட்காமலே அதிகாரி என் வயர்க் கடதாசியின் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதித் தந்திருந்தார். அதைப் பார்த்து, ஒவ்வொரு சுழியாக, படம் கீறுவதுபோல் கீறினேன். வேலையை விடும்வரை நான் போட்ட ஒவ்வொரு கைச் சுவிச்சுக்கும் அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் எழுதினேன்.

கார் வெளியே போகுமுன் நானா தொழுகைக்குத் தொப்பியை எடுத்தபடி கேட்டார்.

“லைட் போட்டியா?”

நான் தலையை ஆட்டவில்லை. “ஓம் நானா, இருக்கு. வந்து பாருங்கோ” என்றேன். அவர் தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.